ரோலி டெஷின் பதினாறு பெட்டிகள்

கோபால்ட் ஸ்டாலியன் என்ற பெயரை இன்று யாரும் நினைவில் வைத்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஐந்து வருடம் ஓடிய எங்கள் ராக் இசைக்குழு. ஒரே ஒரு ஆல்பம். அதில் இருந்த மெதுவான பாட்டு மட்டும் பதினொரு வாரம் ரேடியோவில் வந்தது. விஸ்கான்சினில் பாதிப் பேர் தங்கள் கல்யாணத்தில் அதற்குத்தான் ஆடினார்கள். அவர்களில் பாதிப் பேர் விவாகரத்தும் வாங்கிவிட்டார்கள். அதற்கு நாங்கள் பொறுப்பில்லை.

தொண்ணூற்றொன்றில் எல்லாம் முடிந்தது. சண்டை கிண்டை ஒன்றும் கிடையாது. எங்கிருந்தோ புதுப் பையன்கள் வந்தார்கள். கட்டம் போட்ட கம்பளிச் சட்டையோடு மேடை ஏறினார்கள், ஊரே அவர்கள் பின்னால் போனது. டிவியில் அதைப் பார்த்துவிட்டு ரோலி தலையில் கை வைத்துக்கொண்டான். "டேய் மாப்ள, இது நாம வேலைக்குப் போட்டுட்டுப் போற சட்டைடா. இதைக் கழட்டிப் போடத்தானடா நாம பேண்டே ஆரம்பிச்சோம்" என்றான். பிறகு அவனே விழுந்து விழுந்து சிரித்தான்.

ரோலி டெஷ் என் அக்கா மார்லிஸின் புருஷன். எனக்கும் அவனுக்கும் ஒரே வயது, பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு, அதனால் மரியாதை எல்லாம் கிடையாது. இப்போது அவனுக்கு நாற்பத்தொன்பது. தலை முழுக்க வழுக்கை. சொந்தமாகத் தச்சுப் பட்டறை வைத்து, ஷெபாய்கன் பக்கம் பாதி வீடுகளுக்குச் சமையலறை அலமாரி செய்து கொடுக்கிறான். அந்தக் காலத்தில் தோளைத் தாண்டிய முடி. மார்லிஸ் அதைச் சுருட்டி, ஸ்ப்ரே அடித்து, மேல்நோக்கி நிறுத்துவாள். கிட்டார் அவன், பாஸ் கிட்டார் நான், டிரம்ஸ் வெண்டல் ஹூக்ஸ்ட்ரா, பாட்டு டாரில். வெண்டல் குதிரை வளர்க்கிறவன், கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற ஆள். டாரில் கண்ணாடி முன்னால் நிற்கிற ஆள். அவ்வளவுதான் குழு.

ரோலிக்கு இசைப் பித்து என்று ஊரில் சொல்வார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அவனுக்கு இருந்தது பெட்டிப் பித்து. எண்பத்தைந்தில் மில்வாக்கியில் ஒரு பெரிய குழுவைப் பார்க்கப் போனோம். திரும்பி வரும்போது என்னென்ன பாட்டுப் பாடினார்கள் என்று கேட்டால் அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. மேடைக்குப் பின்னால் மனிதன் உயரத்துக்கு இரண்டு மடங்கு அடுக்கியிருந்த கறுப்பு ஸ்பீக்கர் பெட்டிகளை மட்டும் வரிசை வரிசையாக எண்ணி வைத்திருந்தான்.

"மாப்ள, அது சுவருடா. அதுக்கு முன்னாடி நின்னா நீயும் நானும்கூட ஆளாத் தெரிவோம்."

எங்களிடம் இருந்தது இரண்டே பெட்டி. மற்றதை அவனே செய்தான். அப்போது அவன் அலமாரி செய்கிற ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தான். அங்கே மீந்த பலகையை வாங்கி வந்து, கறுப்பு ரெக்சின் ஒட்டி, மூலைக்கு இரும்புக் குமிழ் வைத்து, முன்பக்கம் வலைத்துணி இழுத்துக் கட்டி, தன் வீட்டுக் கார் கொட்டகையில் மூன்று வருடத்தில் பதினான்கு பெட்டி செய்தான். உள்ளே ஒன்றும் கிடையாது. வெறும் காற்று. ஆனால் பின்பக்கத்தில் ஒயர் சொருகுகிற துளைகூட அச்சு அசலாக இருக்கும். ஆக மொத்தம் பதினாறு. இரண்டுக்கு உயிர் உண்டு, பதினான்குக்குக் கிடையாது.

இதைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம். அன்றைக்கு எல்லாக் குழுவும் இதைத்தான் செய்தது. எல்லோருக்கும் எல்லோரைப் பற்றியும் தெரியும், யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். எங்களுக்கு இருந்த ஒரே சிக்கல், ரோலி கை வேலை சுத்தமாக இருந்ததால் எது உயிர்ப்பெட்டி என்று எங்களுக்கே தெரியாது. அடையாளம் வைக்கலாம் என்றால் விட மாட்டான்.

"சுண்ணாம்புக்கோடு போட்டாலும் முன்னாடி வரிசைல நிக்கிறவன் கண்ணுக்குத் தெரியும்டா. தூக்கிப் பாரு. கனமா இருந்தா உயிரு. லேசா இருந்தா பொம்மை. இதுக்கு என்ன அடையாளம் வேண்டிக்கிடக்கு?"

அதுவே எங்கள் சட்டம். கனமானது உயிருள்ளது.

எண்பத்தெட்டு ஜூனில் ஆப்பிள்டனில் ஒரு நிகழ்ச்சி. இன்னொரு குழுவின் சுமை தூக்குகிற ஆள் ஒருத்தன் எங்கள் பொம்மைப் பெட்டி ஒன்றை ஒற்றைக் கையால் தூக்கி, ஓட்டல் சிப்பந்தி தட்டு ஏந்துகிற மாதிரி விரல் நுனியில் வைத்துக்கொண்டு மேடை முழுக்க நடந்தான். "ஐயாவுக்கு சூப்பா, சாலடா?" என்று ரோலியிடம் வேறு கேட்டான். அத்தனை பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், பொய் சொல்வானேன். ரோலி மட்டும் சிரிக்கவில்லை.

ஆகஸ்டில் கவுண்டி கண்காட்சி, அதாவது மாவட்டத்து விவசாயத் திருவிழா வந்தது. எங்களுக்குச் சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணி, டிராக்டர் இழுவைப் போட்டிக்கு முன்னால். வருடா வருடம் வாசிக்கிற இடம்தான். ஆனால் அந்த வருடம் சிகாகோவிலிருந்து லென் புரூயிட் என்று ஒருவர் வருகிறார் என்று தகவல் வந்தது. ஒரு பெரிய குழு முப்பத்தொரு ஊருக்குச் சுற்றுப்பயணம் கிளம்புகிறது. அவர்களுக்கு முன்னால் வாசிக்க ஒரு சின்னக் குழு வேண்டும். இருந்த குழு திடீரென்று உடைந்துபோனது. அந்த வாரக் கடைசியில் மூன்று கண்காட்சிகளில் மூன்று குழுவைப் பார்த்து, ஒன்றைப் பொறுக்கிக்கொண்டு போவார்.

அதே சமயம் தொழிற்சாலையில் ரோலியை ஃபோர்மேன் ஆக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். சனிக்கிழமையும் முழு நாள் வேலை, முடியை வெட்ட வேண்டும். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். ஃபோர்மேன் ஆனால் குழு அன்றோடு சரி.

அக்கா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள். "எதுன்னாலும் எனக்குச் சம்மதம் ரோலி. மூணு வருஷமா ஒரு கால் இங்க, ஒரு கால் அங்கன்னு நிக்கிற. திங்கக்கிழமைக்கு அப்புறம் ரெண்டு காலும் ஒரே பக்கம் இருக்கணும்."

கண்காட்சி அன்று காலை ரோலிக்கு அரை நாள் வேலை. அவனும் மார்லிஸும் நேராகக் காரில் வந்துவிடுவதாக ஏற்பாடு. பெட்டி ஏற்றுவது நானும் வெண்டலும். வழக்கமாக உருளைக்கிழங்கு லாரி ஒன்று இரவல் கிடைக்கும். அன்றைக்கு அதற்கு அச்சு உடைந்துவிட்டது. வெண்டல் குதிரை ஏற்றுகிற டிரெய்லரைக் காரில் மாட்டிக்கொண்டு வந்தோம். அதில் டிரம்ஸ் போக எட்டுப் பெட்டிக்குத்தான் இடம்.

"எட்டு போதும்டா. ஆனா உயிர் ரெண்டும் வந்தாகணும்" என்றேன்.

"அது என்ன பெரிய விஷயம்? தூக்கிப் பார்த்தாத் தெரிஞ்சிடப் போகுது" என்றான் வெண்டல்.

ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தோம். ஆறு லேசாக இருந்தது. அதை ஒதுக்கினோம். மீதிப் பத்தும் கனம். எனக்குக் கொஞ்சம் குழப்பம்தான். மழைக்காலம், பலகை ஈரம் குடித்திருக்கும் என்றான் வெண்டல். குதிரைக்காரன் சொன்னால் சரியாக இருக்கும் என்று நானும் விட்டேன். பத்தில் எட்டு எடுக்க வேண்டும். எங்கள் சட்டப்படி இருப்பதிலேயே கனமான எட்டை ஏற்றினோம். இடுப்பு விட்டுப்போனது. ஆனால் மனசுக்கு நிம்மதி, அப்படிக் கனத்தால் உயிர் நிச்சயம் உள்ளேதான் இருக்கிறது.

ஒன்றே கால் மணிக்கு மேடையில் சுவர் நின்றது. நாலுக்கு இரண்டு. பார்க்கப் பார்க்க அழகு. ரோலி புலித்தோல் கால்சட்டையோடு வந்தான், கிட்டாரை மாட்டினான், ஒயரைச் சொருகினான். ஒன்றும் வரவில்லை. அடுத்த பெட்டியில் சொருகினான். அதிலும் ஒன்றும் இல்லை. எட்டையும் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினான்.

"மாப்ள, எந்தப் பெட்டிய ஏத்துன?"

"கனமா இருந்ததுலயே கனமாப் பார்த்து எட்டு."

"கனமா?"

"என் இடுப்பைக் கேளு மச்சான். ஏன்?"

அவன் அப்படியே மேடை விளிம்பில் உட்கார்ந்துவிட்டான். "அதுக்குள்ள கல்லு இருக்குடா."

"என்ன கல்லு?"

"சிமெண்ட் கல்லு. ஒரு பெட்டிக்கு ரெண்டு. ஆப்பிள்டன்ல அந்த நாய் தட்டு மாதிரி தூக்கிட்டுப் போனானே. இனிமே எவனாவது ஒத்தக் கையில தூக்கட்டும்னு போன வாரம் எட்டுப் பெட்டிக்குள்ள கல்லு வச்சு அடிச்சேன். மீதி ஆறுக்குக் கல்லு தீர்ந்துபோச்சு."

"என்கிட்ட சொல்லவே இல்லையே!"

"வெக்கமா இருந்துச்சுடா."

முதலில் சிரித்தது வெண்டல். அவன் சிரித்தால் மேடைப் பலகை ஆடும். "நிஜப் பெட்டியவிடக் கனமா பொம்மை செஞ்சிருக்கான்டா இவன்!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நிஜப் பெட்டி இரண்டும் அறுபது மைலுக்கு அப்பால் கொட்டகையில் இருந்தது. நேரம் நாற்பது நிமிடம். என் பாஸை நேராகக் கண்காட்சி ஒலிபெருக்கியில் இணைத்துவிடலாம், டிரம்ஸுக்குக் கவலை இல்லை. கிட்டாருக்கு ஸ்பீக்கர் இல்லாமல் முடியாது. கிட்டார் இல்லாமல் ஹார்ட் ராக் என்றால், சவப்பெட்டிக் கடைக்காரன்கூடச் சிரிப்பான்.

"நான் மட்டும் தனியாப் பாடறேனே" என்றான் டாரில்.

"அதுக்கு டிராக்டரே தேவலாம்" என்றான் வெண்டல்.

அக்கா இதையெல்லாம் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. எப்போது போனாள் என்று தெரியாது. திரும்பி வரும்போது பியர் பந்தலில் போல்கா நடனப் பாட்டு வாசிக்கிற சில்வெஸ்டர் வோய்டாவை முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். எழுபது வயது, சிவப்பில் கையில்லாத மேல்சட்டை, தொப்பியில் இறகு. அவருடைய இன்னொரு கையில் பழுப்பு நிறத்தில் ஒரு சின்னப் பெட்டி. அக்கார்டியனுக்கு அவர் வைத்திருக்கிற ஆம்ப்ளிஃபையர், ஸ்பீக்கரோடு சேர்ந்தது. ரொட்டி டப்பாவைவிடக் கொஞ்சம் பெரிது. முன்பக்கம் பொன் எழுத்தில் அவர் பெயர்.

அவர் சுவரை அண்ணாந்து பார்த்தார். "இவ்ளோ பெட்டி இருக்கும்போது என்கிட்ட எதுக்குடா வந்தீங்க?"

ரோலிதான் சொன்னான். "அது எல்லாம் பொம்மை, பெரியவரே."

"எட்டுமா?"

"எட்டும்."

"சந்தோசம். நான் இத்தனை வருசமா இதைப் பார்த்துப் பயந்துக்கிட்டு இருந்தேன்." பெட்டியைக் கீழே வைத்தார். "தர்றேன். ஆனா பின்னாடி கொண்டுபோய் ஒளிச்சு வைக்கக் கூடாது. நீங்க புகை விடுற ஆளுங்க, பட்டாசு கொளுத்துற ஆளுங்க. என் பந்தல்ல இருந்து பார்த்தா என் பெட்டி என் கண்ணுக்குத் தெரியணும். அப்புறம் ஆட்டம் முடிஞ்சதும் நாலு பேரும் பந்தலுக்கு வந்து என்கூட ரெண்டு போல்கா வாசிக்கணும். இதே துணியோட."

"இதே துணியோடயா?" என்றான் டாரில்.

"அந்தக் கால்சட்டைக்காகத்தான் கேக்குறதே."

ரோலியின் முகத்தை அப்போது நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மூன்று வருடம் கட்டிய சுவர் பின்னால் நிற்கிறது. அதற்கு முன்னால், மேடை நடுவில், பால் கூடை ஒன்றைக் கவிழ்த்து, அதன் மேல் ஒரு ரொட்டி டப்பா. அதற்கு முன்னால் ஒரு மைக். இதோடு அவன் சிகாகோக்காரர் முன்னால் நிற்க வேண்டும். அவன் கூடையைச் சரிசெய்து வைத்த விதத்திலேயே, ஃபோர்மேன் வேலைக்குச் சரி என்று மனசுக்குள் சொல்லிவிட்டான் என்று நினைத்தேன்.

இரண்டு மணிக்கு ஆரம்பித்தோம். முன்னால் ஐம்பது பேர் இருந்திருப்பார்கள், பாதிப் பேர் டிராக்டர் போட்டிக்கு இடம் பிடிக்க வந்தவர்கள். அந்தச் சின்னப் பெட்டியைக் கடைசி எண் வரை திருப்பிவிட்டு ரோலி முதல் அடி அடித்தான். அது அலறியது. சிக்கிக்கொண்ட பன்றி மாதிரி, ஆனால் சுருதியோடு. மைக் அதை வாங்கி, கண்காட்சிக் கம்பங்களில் கட்டியிருந்த அத்தனை குழாய் ஒலிபெருக்கியிலும் கொண்டுபோய்க் கொட்டியது. மாட்டுக் கொட்டகை வரைக்கும் கேட்டதாம். சீஸ் பொரிக்கிறவள் கரண்டியைப் போட்டுவிட்டு வந்து பார்த்தாள்.

வழக்கமாக ரோலி மேடையில் நிற்க மாட்டான். ஓடுவான், குதிப்பான், முட்டி போட்டுச் சறுக்குவான். அதில் பாதிச் சுரத்தை விட்டுவிடுவான். அன்றைக்கு அது முடியவில்லை. பெட்டி அதிர்ந்து அதிர்ந்து கூடையை விட்டு நகர்ந்து வந்துகொண்டே இருந்தது. விழுந்தால் பெரியவர் பந்தலிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். அதனால் ஒரு காலை எடுத்துப் பெட்டி மேல் ஊன்றிக்கொண்டான். நாற்பது நிமிடமும் அப்படியே நின்றான். ஓட வழியில்லை, அதனால் வாசிக்க ஆரம்பித்தான். இவ்வளவு நாள் இவன் இப்படி வாசிப்பான் என்று எனக்கே தெரியாது. மூன்றாவது பாட்டில் டிராக்டர்காரர்கள் எஞ்சினை அணைத்தார்கள். கடைசிப் பாட்டில் முந்நூறு பேர் நின்றார்கள், தோள் மேல் குழந்தையோடு, கையில் வறுத்த சோளத்தோடு. வெண்டல் குச்சி இரண்டையும் உடைத்துவிட்டான். டாரில்கூட அன்றைக்கு நன்றாகத்தான் பாடினான், சொல்லாமல் இருக்க முடியாது.

புரூயிட் எங்கே நின்றார் என்று எங்களுக்குத் தெரியவில்லை. பந்தலில் இரண்டாவது போல்காவுக்கு நடுவில்தான் கண்டுபிடித்தோம். அரைக்கை வெள்ளைச் சட்டை, வெயிலில் தோல் உரிந்த மூக்கு, அக்கா பக்கத்தில் உட்கார்ந்து பிராட்வர்ஸ்ட் சாசேஜ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். போல்கா முடிந்ததும் ரோலியைக் கையசைத்துக் கூப்பிட்டார். நானும் கூடப் போனேன்.

"பின்னாடி ஒரு சுவர் வச்சிருந்தியே, அதுல எத்தனை வேலை செய்யும்?"

ரோலி அக்காவைப் பார்த்தான். அக்கா பியரைப் பார்த்தாள். பொய் சொல்லுடா என்று நான் மனசுக்குள் சொன்னேன்.

"ஒண்ணும் செய்யாது சார்."

"ஒண்ணுகூடவா? என் பெரிய பேண்டுல முப்பத்தாறு பெட்டி. அதுல நாலாச்சும் வேலை செய்யும்."

"இதுல கல்லு இருக்கு" என்றாள் அக்கா.

"என்னது?"

"சிமெண்ட் கல்லு. கனமா இருக்கட்டும்னு இவர்தான் வச்சார்."

புரூயிட் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினார். முகம் சிவந்தது. தொண்டையில் ஏதோ மாட்டிக்கொண்டது என்று நான் முதுகில் தட்டப் போனேன். சிரிப்புதான். "இருவது வருசமா இந்தத் தொழில்ல இருக்கேன். தூக்க லேசா இருக்கட்டும்னுதான்யா எல்லாரும் காலிப் பெட்டி செய்வான். காலிப் பெட்டிய செஞ்சு அதுக்குள்ள கல்லு வச்ச ஒரே ஆளு நீதான்யா!"

ரோலிக்குக் காது வரை சிவந்துவிட்டது. அவர் சிரித்து ஓய்ந்து மூக்கைத் துடைத்தார்.

"கேளு. முன்னாடி வாசிக்கிற பேண்டுக்கு மேடையில ஆறடிதான் கிடைக்கும். அடுக்கக் கால் மணி, இறக்கக் கால் மணி. நேத்து ஒரு குரூப் பார்த்தேன், இருவது பெட்டி. காலையில ஒண்ணு, இருவத்தினாலு பெட்டி. ஒண்ணைக்கூட விட்டுட்டு வரமாட்டாங்களாம். நீ அந்த ரொட்டி டப்பா மாதிரி ஒண்ணோட வருவியா?"

"சுவர் வேண்டாமா?"

"வேண்டாம்."

"ஒரு நாலு பெட்டி மட்டும்? கல்லை எடுத்திடறேன்."

"ஒண்ணும் வேண்டாம். காலைத் தூக்கி வச்சுக்கிட்டு வாசிச்சியே, அது வேணும்."

ரோலி பந்தலுக்கு வெளியே பார்த்தான். சுவர் இன்னும் மேடையில் நின்றுகொண்டிருந்தது. டிராக்டர்காரன் ஒருவன் அதில் சாய்ந்து உட்கார்ந்து காலணியைக் கழற்றி உதறிக்கொண்டிருந்தான். சுவர் அசையவில்லை. ரோலி வேலை அப்படி.

"சரி சார்" என்றான். அடுத்த நொடியே மேஜைக்கு மேல் பாய்ந்து அக்காவைத் தூக்கிவிட்டான். இரண்டு பியர் கோப்பை போனது, ஒன்று என்னுடையது.

"இறக்கி விடுப்பா, எல்லாரும் பாக்குறாங்க" என்றாள் அக்கா. உடனே அவளே மனசு மாறினாள். "பாக்கட்டும். திங்கக்கிழமை வரைக்கும் ஏன் காத்திருக்கணும்? அங்க பாரு, கெப்கி பியருக்கு வரிசைல நிக்கிறார். இப்பவே போய்ச் சொல்லு."

ஹார்லன் கெப்கி தொழிற்சாலை மேனேஜர். ரோலி அதே புலித்தோல் கால்சட்டையோடு, சுருட்டிய முடியோடு, வரிசையில் அவருக்குப் பின்னால் போய் நின்றான். என்ன பேசினார்கள் என்று முழுக்கக் கேட்கவில்லை. கெப்கி அவனை மேலிருந்து கீழ் வரை ஒரு தடவை பார்த்ததும், "நல்லவேளை, நான் உன் பேர்ல இன்னும் பலகை எழுதலை" என்று சொன்னதும் மட்டும் கேட்டது. பிறகு அவரே ரோலிக்கு ஒரு பியர் வாங்கிக் கொடுத்தார்.

ரோலி திரும்பி வரும் வழியில் பெரியவரிடம் நின்றான். "பெரியவரே, அந்தப் பெட்டி..."

"என் பெட்டியா? ஆளைப் பாரு! காலைத் தூக்கி மேல வச்சுக்கிட்டு நின்னவன்தானே நீ? போய் உனக்கு ஒண்ணு வாங்கிக்கோ." அக்கார்டியனைத் தோளில் ஏற்றினார். "ரெண்டு போல்கான்னு சொன்னேன், இப்ப மூணு. கால்தடத்துக்கு அபராதம்."

மூன்றாவது போல்காவுக்குப் பந்தல் முழுக்க எழுந்துவிட்டது. வெண்டல் உடைந்த குச்சியால் பீப்பாயில் அடித்தான். ரோலி ஒரே இடத்தில் நின்று, கண்ணை மூடி வாசித்தான். அக்கா புரூயிட்டை இழுத்துக்கொண்டு ஆடினாள், அந்த மனுஷனுக்கு வலது கால் எது இடது கால் எது என்று தெரியவில்லை. எனக்கு விரல் தடுமாறிக்கொண்டே இருந்தது.

"ஏய் பாஸ்காரா!" என்று பெரியவர் தலையைத் திருப்பிக் கத்தினார். "மொத்தமே ரெண்டு சுரம்டா. அதுலயும் தப்பா?"

"முப்பத்தொரு ஊரு இருக்கு பெரியவரே, கத்துக்குவான்!" என்று ரோலி கண்ணைத் திறக்காமலே கத்தினான்.